கடன் போன பத்துத் தோட்டாக்கள்

கார்வர்ஸ் மில், பென்சில்வேனியா
1994 மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

வெட்கக்கேட்டை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். உங்கள் கணவர் என் சமையலறை அலமாரியில், மைதா டப்பாவுக்கும் சோடா உப்புக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறார் என்று நம் பட்டாளத்து ஆட்கள் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. போன ஞாயிறு தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. வார நாளில் டயர் விற்று, சனி ஞாயிறில் பழைய உள்நாட்டுப் போரை வேஷம் கட்டி நடத்தும் நம் வடக்குப் படைக்குக் கேப்டனாகிவிடும் ஹார்லன் பிட்ஸர், எல்லார் முன்னிலையிலும் என்னிடம் வந்து, “டார்லீன், லோவெல்லோட சாம்பல் எப்ப வருது?” என்று கேட்டார். எல்வின் கிழவர் அழுவதற்கு வசதியாக முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, ‘அண்ணி என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் அண்ணனைத் தூக்கிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார்’ என்று எப்படிச் சொல்வது? “வந்தாச்சு” என்றேன். கைதட்டினார்கள். யாரோ என் தட்டில் இன்னொரு பான்கேக்கை வைத்தார். அதையும் தின்றேன்.

இப்போது ஜூன் பன்னிரண்டு, ஹன்ட்லி பண்ணைச் சண்டை முடிந்ததும் லோவெல்லுக்காக வேட்டு என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள்.

இது என் ஆசை இல்லை, அவனுடையது. நவம்பரில் கடைசியாக என் மேஜையில் உட்கார்ந்து தோட்டா சுருட்டினான். விரலில் வலுவில்லை. பத்துத் தோட்டாவை அடுக்கிக் காகிதத்தை மடித்தது அவன், முடிச்சுப் போட்டது நான். “நான் போனப்புறம் என்னையும் இப்படி ஒரு பொட்டலமாக் கட்டிடு டார்லி. பருத்தி நூலா இருக்கணும். நைலான் போட்டே, எழுந்து வந்துடுவேன்” என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான், அப்புறம் நெடுநேரம் இருமினான்.

அவனுடைய சாம்பலை வெடிமருந்தோடு கலந்து, பத்துத் தோட்டா சுருட்டி, அவன் நின்ற வரிசையிலிருந்தே வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். அரைக் கிண்ணம் போதும் அண்ணி. மீதி உங்களுக்கு.

ஜனவரியில் இறுதிச் சடங்கின்போது சர்ச் வாசலில் நடந்ததற்கு இன்னும் கோபமா? வேட்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது, உண்மைதான். ஆனால் ஆட்கள் அதற்குள் மருந்து போட்டுவிட்டிருந்தார்கள். பாதிரியாரின் ஜெபம் முடியும்வரை வெளியே நின்ற அத்தனை காரும் அலறித் தீர்க்கும் என்று நான் கண்டேனா?

உங்கள் நாத்தனார்,
டார்லீன்


டூசான், அரிசோனா
1994 மார்ச் 19

டார்லீன்,

உன் கடிதம் கிடைத்தது. முடியாது.

இந்த ஒரு வரியோடு உறையை ஒட்டப் போனேன். என் தங்கை ஃபே, கோபத்தில் எழுதியதுபோல் இருக்கிறது என்றாள். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

இருபத்துச் சொச்சம் வருஷம், ஏப்ரல் பிறந்தால் அக்டோபர்வரை சனி ஞாயிறு அவர் உங்களுடையவர். எங்கள் கல்யாண நாள் ஜூலை மூன்று. அன்றைக்கு எங்காவது ஒரு மலையடிவாரத்தில் யாரையாவது எதிர்த்து ஓடிக்கொண்டிருப்பார். நான் ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். கந்தக நாற்றமடிக்கும் கம்பளிக் கால்சட்டை, சகதி பூட்ஸ், நிற்கத் தெம்பில்லாத புருஷன்.

இப்போது அவர் ஃபே வீட்டு விருந்தாளி அறையில், ஜன்னலோரம் இருக்கிறார். சனிக்கிழமையும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறார். அதில் அரைக் கிண்ணம் கேட்கிறாய், பக்கத்து வீட்டில் மாவு கேட்பதுபோல.

அப்படி ஓர் ஆசையை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தேன். சொல்ல நேரம் இருந்தது.

நாற்பது பேரிடம் பொய் சொன்னது நீ. வழியையும் நீயே பார்த்துக்கொள்.

கொரின்

சாவுக்கு நீ மக்ரோனி கொண்டுவந்த நீலக் கண்ணாடிப் பாத்திரம் என்னுடையது. போன ஈஸ்டருக்கு வாங்கிக்கொண்டு போனாய்.


கார்வர்ஸ் மில்
1994 ஏப்ரல் 5

அண்ணி,

பாத்திரத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கிறது. அது முன்னாலேயே இருந்தது என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். இல்லை, நான்தான்.

உங்களுக்கு இதற்கு முன் எழுதிய பதில்களை எல்லாம் அனுப்பாமல் கிழித்துப் போட்டேன். அவற்றில் நான் ரொம்ப நியாயஸ்தியாக இருந்தேன். படிக்கவே சகிக்கவில்லை.

அவனை உங்களிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ரோஜர் என்னை விட்டுவிட்டு, பல் டாக்டரின் உதவிக்காரியோடு டொலீடோவுக்கு ஓடியபோது ஊரே எனக்கு மக்ரோனி கொண்டுவந்தது. மூன்று வாரம் மக்ரோனி. லோவெல் மட்டும் அச்சகத்தில் மிஞ்சிய வெள்ளைக் காகிதச் சுருள் ஒன்றும் விரல் தடிமனில் ஒரு மரக்குச்சியும் கொண்டுவந்தான். “கையைச் சும்மா வெச்சிருக்காதே, சுருட்டு” என்றான். சுருட்டினேன். அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. குளிர்காலத்துப் புதன்கிழமை மாலைகள் எல்லாம் அதுதான். ரோஜரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் மடிப்பு கோணலாக இருந்தால் மட்டும் பிரித்து மறுபடி என் முன்னால் வைப்பான்.

இங்கே ஹார்லன் வேறு சட்டம் பேசுகிறார். “உள்ள ஒண்ணும் இல்லேங்கறதாலதான் அது வெத்துத் தோட்டா. எதையாவது போட்டா அது குண்டு. லோவெல்லா இருந்தாலும் குண்டு குண்டுதான்” என்றார். எதிரே ஓர் ஆள் நிற்காமல், துப்பாக்கிக் குழலை வானத்துக்குத் தூக்கி, மாவுபோல் சலித்ததை மட்டும் போடுவதென்றால் கண்ணை மூடிக்கொள்வாராம். பெரிய மனசு. எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, ஆள்தான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் என் விறகடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிச் சல்லடையில் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? எல்வின் எந்தச் சாம்பலுக்கும் அழுவார். பாதி சலித்ததும் கை ஓடவில்லை. லோவெல்லின் சாம்பல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நிறம்கூடத் தெரியாது அண்ணி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொடுக்க வேண்டாம். அதை மட்டுமாவது எழுதுங்கள்.

டார்லீன்


டூசான்
1994 ஏப்ரல் 29

டார்லீன்,

நிறம் கேட்டாய். வெள்ளை இல்லை. காய்ந்த ஆற்று மணலின் நிறம். மாவாகவும் இல்லை, நடுநடுவே அரிசி நொய்போல் இருக்கிறது. அது என்ன என்று நான் யோசிப்பதில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு மூன்று நாள் எழுந்து போய்விட்டேன்.

அவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வருஷம் உனக்கு நினைவிருக்காது. ரோஜரைக் காதலிப்பதில் மும்முரமாக இருந்தாய். ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியைப் பார்ப்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். ஹார்லன்தான் ஒரு கோடையில் அவரை வம்பாக இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த திங்கட்கிழமை, சாப்பாட்டு மேஜையில், கூடாரத்தில் கொடுத்த கல் பிஸ்கட்டைப் பற்றி என் புருஷன் கால் மணி நேரம் பேசினார். அதைக் காப்பியில் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், அதற்குள் இருக்கும் புழு எப்படி மிதந்து மேலே வரும் என்றெல்லாம். நான் பாத்திரம் தேய்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டு அழுதேன்.

போகாதே என்று நான் ஒருநாளும் சொல்லாததற்குக் காரணம் அந்தப் பிஸ்கட். நான் வந்து பார்க்காததற்கும் அதுதான் காரணம். நான் வந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம். இதை அவரிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், பார்.

பேக்கிங் பவுடர் டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். நீ சலிக்க வேண்டாம், அது உன் வேலை இல்லை. ஃபேயின் டீ வடிகட்டியில் நானே சலித்தேன். மெல்லியது உனக்கு. மற்றது பழைய இடத்துக்கே போய்விட்டது. வடிகட்டியைக் கழுவ மனம் வரவில்லை. ஃபேக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பத்துத் தோட்டா, அதற்குமேல் ஒன்று கூடாது. அவர்மேல் பிரியமாக இருந்தவர்கள் மட்டும் சுட வேண்டும். மற்றதோடு கலந்துவிடாமல் பொட்டலத்தில் ஓர் அடையாளம் வை. உன் அலமாரி எனக்குத் தெரியும்.

நான் வரமாட்டேன். எப்படி நடந்தது என்று எழுது. மழை வந்தால் அதையும் எழுது.

கொரின்


கார்வர்ஸ் மில்
1994 மே 16

அன்புள்ள அண்ணி,

வந்துவிட்டான். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, இவ்வளவு பத்திரமாகக் கட்டியிருக்கிறதே, உள்ளே என்ன என்றார். என் அண்ணன் என்றேன். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்தேன். புதன்கிழமை வந்ததும் உட்கார்ந்தேன். காகிதத்தை ஒரு பக்கம் சரிவாக வெட்டிக் குச்சியில் சுற்றினேன். அடியில் நூலைச் சுருக்கிட்டேன், பருத்தி நூல். மருந்தை அளந்து போட்டேன், அதன்மேல் அவனை ஒரு சின்னக் கரண்டி. மேல் பக்கத்தைத் தட்டையாக நசுக்கி இரண்டாக மடித்து வால் விட்டேன். சண்டையில் அந்த வாலைத்தான் பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்டுவார்கள். முதல் தோட்டாவின் மடிப்பு கோணல். பிரித்து மறுபடி என் முன்னால் வைக்க ஆளில்லை. நானே பிரித்துச் சரி செய்தேன். பத்தும் முடிந்தபோது டப்பா காலி. நீங்கள் அளந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள்.

அடையாளம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்தையும் ஒரே பொட்டலமாக்கி நீல ரிப்பன் ஒன்று கட்டினேன். அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன், அவிழ்த்துவிட்டேன். 1863-இல் எந்த ஆயுதசாலையிலிருந்து ரிப்பன் கட்டிய பொட்டலம் வந்தது? நைலான் நூல் கட்டிய தோட்டாவோடு வந்ததற்காக எல்வினைச் சண்டை நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியவன் உங்கள் புருஷன். அவனை ரிப்பன் கட்டி அனுப்பினால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. மற்றப் பொட்டலம்போல் ஒரு பொட்டலம், அதுதான் அவனுக்கு மரியாதை. பட்டாளத்துத் தோட்டாப் பெட்டியில் மேல் அடுக்கில், இடது மூலையில் வைப்பேன். இடம்தான் அடையாளம்.

கவலைப்படாதீர்கள். என் அலமாரியைப் பற்றி நீங்கள் எழுதியதை மன்னித்துவிட்டேன்.

டார்லீன்


கார்வர்ஸ் மில்
1994 ஜூன் 14

அன்புள்ள அண்ணி,

நடந்துவிட்டது. நன்றாக நடந்தது. வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். என்னால் வரிசையாக எதையும் சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை மழை. மருந்தெல்லாம் ஹார்லனின் கூடாரத்தில், மரப்பெட்டியில். தனிப்பட்டவர் கையில் தோட்டா வைத்திருக்கக் கூடாது என்பது விதி, அதனால் லோவெல்லும் அங்கேதான் படுத்திருந்தான். தெற்கத்திக்காரர்கள் வழக்கம்போல் தாமதமாக வந்தார்கள். நம் ஊருக்கு வடக்கே இருபது மைலில் இருந்து வரும் தெற்கத்திக்காரர்கள். வந்ததும் தங்கள் தோட்டா நனைந்துவிட்டது என்று கையைப் பிசைந்தார்கள். எதிரிக்குத் தோட்டா கொடுத்தால்தானே சுடுவான்? ஹார்லன் நம் பெட்டியிலிருந்து கடன் கொடுத்தார். மத்தியானம் வெயில் அடித்தது, சண்டை நடந்தது. வெயிலில் சாக யாருக்கும் இஷ்டமில்லாததால், ஓக் மர நிழலில் மட்டும் இருபது பிணம்.

நான் அகலப் பாவாடையோடு பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் போய்விட்டு வெளியே வர முடியாமல் நின்றதையும், எதிரிப் படைத் தளபதி கையைப் பிடித்து இழுத்துவிட்டதையும் வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு மாலை. மழை இல்லை அண்ணி. பத்துப் பேரை நான்தான் பொறுக்கினேன். இடது மூலைப் பொட்டலத்தை என் கையாலேயே எடுத்துப் பிரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எல்வின் வாங்கும்போதே அழுதார். ஹார்லன் ஏதோ பேசத் தயார் பண்ணியிருந்தார் போல, தொப்பியைக் கழற்றினார், காகிதத்தைப் பார்த்தார், மடித்து வைத்துவிட்டு, “லோவெல், உன் இடம் காலியாத்தான்டா இருக்கு” என்று மட்டும் சொன்னார். குழல்கள் மேலே போயின. ஒரே வேட்டு. புகை வேலியைத் தாண்டி, சோளக்கொல்லைமேல் போய், கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. யாரும் தொப்பியைப் போடவில்லை. புகை கரைகிறவரை நின்றோம். தெற்கத்திக்காரர்களும் வந்து நின்றார்கள்.

உங்கள் சார்பில் நானும் பார்த்தேன். புகை போன திசை மேற்கு. உங்கள் பக்கம்தான்.

டார்லீன்


டூசான்
1994 ஜூலை 1

அன்புள்ள டார்லீன்,

உன் கடிதத்தை ஃபேக்கு வாசித்துக் காட்டினேன். கழிப்பறை வந்த இடத்தில் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு நான் சிரித்தது எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அந்த ஞாயிறு, உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டு, பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே ஒரு சத்தமும் இல்லை. ஃபே காப்பி கொண்டுவந்து வைத்தாள். புகை சோளக்கொல்லைமேல் நின்றது என்று நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் கிளம்பும்போதும் அப்படித்தான். வண்டியைக் கிளப்பிவிட்டு, சந்து முனையில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் போவார்.

மூன்றாம் தேதி கல்யாண நாள் வருகிறது, முதல்முறையாக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. போகச் சொல்லி அனுப்பியது நான்தானே, இந்த முறை.

அக்டோபரில் வருகிறேன். அந்த வேலியையும் சோளக்கொல்லையையும் பார்க்க வேண்டும். உன் வீட்டில் தங்கலாமா?

கொரின்


கார்வர்ஸ் மில்
1994 ஜூலை 10

அன்புள்ள அண்ணி,

தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஐந்து நாள் பார்த்தேன். நாற்பது பேரிடம் சொன்ன பொய் வயிற்றில் நின்றது. உங்களிடம் மறைப்பது நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையில், உறைந்த பட்டாணி இருக்குமிடத்தில், ஆர்ச்சி லுட்விக் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சனி ஞாயிறில் தெற்கத்திப் படை. பனி அள்ளும் இயந்திரத்தைத் திருப்பித் தராத விஷயத்தில் அவருக்கும் லோவெல்லுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

“டார்லீன், தப்பா எடுத்துக்காதே. உன் மருந்துல மண்ணு இருக்கு” என்றார்.

எந்த மருந்தில் என்று கேட்டேன்.

“அதான், சனிக்கிழமை ஹார்லன் கடன் குடுத்தாரே. என் பொட்டலம் முழுக்கவே அப்படித்தான். கடிச்சதும் பல்லு கூசிப்போச்சு. துப்பிட்டு, எலுமிச்சை ஜூஸ் ஊத்திக் கொப்புளிச்சேன்.”

பட்டாணிப் பை கையிலேயே உருக ஆரம்பிக்கும்வரை நின்றேன். பிறகு ஹார்லனின் டயர் கடைக்குப் போனேன். சனிக்கிழமை மேல் அடுக்கு முழுவதையும் தெற்கத்திக்காரர்களுக்குக் கொடுத்தாராம். இரண்டாம் அடுக்குதான் மேல் அடுக்காகிவிட்டது. அதற்கும் ஓர் இடது மூலை இருந்தது. பெட்டியில் மிஞ்சிய பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். சுத்தமான மருந்து. நான் செய்யும் வேலை ஒரே சீராக இருக்கும் என்று லோவெல் பெருமையாகச் சொல்வான். இருந்தது.

ஆக, ஞாயிறு மாலை பத்துப் பேர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுட்டது வெறும் கந்தகமும் கரியும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் புகையில் அவன் இல்லை அண்ணி. அவன் முந்தின நாளே போய்விட்டான். பத்துத் தோட்டாவையும் ஆர்ச்சி ஒருவரே சுட்டிருக்கிறார். நம் பட்டாளத்தை நோக்கி.

காற்று அன்றைக்கு அவர்கள் பக்கமிருந்து. நான் தண்ணீர் வாளியோடு நம் வரிசைக்குப் பின்னால் நின்றேன். புகை நேராக என் முகத்துக்கு வந்தது, கண் எரிந்தது. இந்தத் தெற்கத்திக்காரனுங்களுக்கு மருந்தை அளந்து போடவே தெரியாது என்று திட்டிக்கொண்டே ஏப்ரனை உதறி, விசிறித் துரத்தினேன். மருந்து நான் அளந்தது. விசிறித் துரத்தியது அவனை.

நீங்கள் அடையாளம் வைக்கச் சொன்னீர்கள். ரிப்பன் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை யார் பார்த்துக் குறை சொல்லப் போகிறார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. குறை சொல்கிற ஒரே ஆள் பொட்டலத்துக்குள்ளே இருந்தான்.

ஆர்ச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் சாகும்வரை பல் தேய்த்துக்கொண்டிருப்பார். எல்வினிடமும் சொல்லவில்லை. அவர் அழுதது நிஜம், அதை ஏன் திருப்பி வாங்க வேண்டும்? உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இன்னொரு அரைக் கிண்ணம் கேட்க மாட்டேன்.

மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வராவிட்டாலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

டார்லீன்


டூசான்
1994 ஜூலை 27

டார்லீன்,

உன் கடிதத்தை ஃபேக்கு வாசிக்கவில்லை.

முதலில் உன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஆர்ச்சி லுட்விக் எலுமிச்சை ஜூஸில் கொப்புளிப்பது மனதில் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். பிறகு குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று. நான் கையால் சலித்து அனுப்பியதை நீ ஏப்ரனால் விசிறினாய். உன்மேல் கோபம் இல்லை என்று எண்ணிவிடாதே. அக்டோபரில் நேரில் வந்து கோபப்படுகிறேன். பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தக் கடிதத்தை எழுதியிராவிட்டால் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அவருடைய துப்பாக்கி ஃபேயின் கார் கொட்டகையில் இருந்தது. உனக்குக் கொடுத்துவிடலாம் என்று ஜூலை தொடக்கத்திலேயே முடிவு செய்து, உள்ளே மருந்து கிருந்து தங்கியிருந்தால் ஆபத்து என்று இங்கே ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். வாங்கியதும் சுடாமலே சுவரில் மாட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரர் இருபது கோடைக்குமேல் இதை வைத்துத்தான் சண்டை போட்டார் என்றேன். அவருக்கும் அந்த வேஷப் பழக்கம் உண்டாம்.

“வாலைக் கடிக்கிறது, கையைச் சாய்ச்சுக் கொட்டுற மாதிரி காட்டுறது, தோள்ல வெக்கிறது, இதெல்லாந்தாம்மா மத்தவங்க கண்ணுல படும். நாப்பது பேர் ஒண்ணாச் சுடறப்ப ஒரு துப்பாக்கி வெடிக்கலேன்னா யாருக்குக் கேக்கும்?” என்றார்.

விளக்கை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தொழிற்சாலையில் தடவி அனுப்பிய மசகு, அடிவரைக்கும் காய்ந்து, கலையாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

கொரின்